இரண்டாம் படம்

"முதல் படம்தான் ஜெயிச்சிருக்குடி" என்றாள் மூத்த மருமகள், ஏதோ தப்புப் பண்ணியவள் மாதிரி. "அதாவது... என்னோடது."

மடித்துக்கொண்டிருந்த போர்வையின் மறுமுனையை நழுவ விட்டாள் இளைய மருமகள். பிறகு சிரிக்க முயன்றாள். "நியாயம்தானேக்கா? உங்க அனுபவம் எங்க, நான் எங்க!"

குறிப்பு எழுதி வைக்கிற மென்பொருள் அது. யாரும் இலவசமாகப் பயன்படுத்தலாம், யாரும் திருத்தலாம் என்று மூத்தவள் நண்பர்களோடு சேர்ந்து உருவாக்கியது. அதற்குப் புதுத் தோற்றம் வேண்டும் என்ற பேச்சு வந்ததும், "நீ ஒரு டிசைன் போடு, நானும் ஒண்ணு போடறேன். யாரோடதுன்னு சொல்ல வேண்டாம். பயன்படுத்தறவங்களே ஓட்டுப் போடட்டும்" என்று இளையவளை இழுத்துவிட்டவளும் அவள்தான்.

பழைய அலுவலகத்தில் மேலாளர் எல்லார் முன்னாலும், "உனக்கு நிறம்னா என்னன்னே தெரியலம்மா" என்று சிரித்ததிலிருந்து இளையவள் வேலையையும் விட்டு, வரைவதையும் விட்டிருந்தாள். இதிலும் தோற்றால் இனி தொடவே மாட்டேன் என்று சொல்லித்தான் இறங்கினாள். பயத்தில், ஓட்டெடுப்பு நடந்த பக்கத்தை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. மூத்தவளுக்கோ அலுவலகத்தில் தலைக்கு மேல் வேலை. போனில் மின்னஞ்சலாக வந்து விழுந்த கருத்துகளைப் படிப்பதோடு சரி. அதுவே மலைபோல் குவிந்துவிட்டது.

"நீங்க ரெண்டு பேரும் அடுப்படியில போடாத சண்டையை எவனெவனோ போடறானேடி!" என்று மாமியார்கூடக் கேலி செய்தார்.

"என்னதான் சொன்னாங்க? வாசிங்கக்கா, தாங்கிக்கறேன்."

மூத்தவள் போனை எடுத்தாள். "'முதல் படம் கண்ணுக்கு இதமா இருக்கு. இரண்டாவது கண்ணைக் குத்துது.'"

"ம்."

"'இரண்டாவதைப் போட்டவர் அவசரக்காரர். முதலாவதில் எவ்வளவு பொறுமை!' இவன் கெடக்கான், விடு. இன்னொருத்தர், 'எனக்கு ரெண்டுக்கும் வித்தியாசமே தெரியல'ங்கறார். அவருக்கு ஒருத்தி, 'கண் டாக்டரைப் பாருங்க சார்'னு பதில் போட்டிருக்கா."

இளையவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. "என்னோடதை ஒருத்தர்கூட நல்லா இருக்குன்னு சொல்லலையா?"

"ஏன் சொல்லல? இதைக் கேளு. 'எனக்கு நைட் ஷிப்ட். விடியறப்போ எழுத்தெல்லாம் கலங்கித் தெரியும். இரண்டாம் படத்துல கலங்கல. நன்றி.' இன்னொரு அம்மா, 'மூக்குக் கண்ணாடியைத் தேடாம இரண்டாவதைப் படிச்சேன். யார் பெத்த பிள்ளையோ, நல்லா இருக்கணும்.'"

இளையவளின் கண்கள் நிறைந்துவிட்டன. "இன்னொரு தடவை படிங்கக்கா."

படித்தாள்.

"முன்னப் பின்னத் தெரியாதவங்க... எல்லாருக்கும் நன்றி எழுதணும்க்கா. திட்டினவங்களுக்கும்தான். மெனக்கெட்டுப் பார்த்திருக்காங்களே! முக்கியமா உங்களுக்கு. மூலையில கெடந்தவளைக் கையைப் பிடிச்சு எழுப்பினது நீங்க. எழுதிட்டுக் கடையைக் கட்டிடறேன்."

"கடையைக் கட்டறியா? உதை வாங்குவே!"

"பேச்சுன்னா பேச்சுக்கா. ஆனா உங்க டிசைனை ஒரு தடவை பார்த்துடறேன். அப்படி என்ன பொறுமைன்னு தெரிஞ்சுக்கணும்ல?"

மூத்தவளுக்கு உள்ளூரப் பெருமை. அதை மறைக்கத் தலையணை உறை ஒன்றை எடுத்துப் படபடவென்று உதறினாள். "பாரு, பாரு. அந்த ஓரக்கோட்டுக்கு மட்டும் எத்தனை நாள் உட்கார்ந்தேன் தெரியுமா?"

இளையவள் மடிக்கணினியைத் திறந்து, முதல்முறையாக அந்தப் பக்கத்துக்குள் போனாள். பார்த்தாள். கீழே இறக்கினாள். மறுபடி மேலே ஏற்றினாள்.

"என்னடி, பேச்சையே காணோம்? அவ்வளவு நல்லாவா இருக்கு?"

இளையவள் திரையை அவள் பக்கம் திருப்பினாள்.

குனிந்து பார்த்த மூத்தவள் தலையில் கை வைத்துக்கொண்டாள். "அடக் கடவுளே! என்னோடது எங்கடி? ரெண்டு இடத்துலயும் உன் படத்தையே ஏத்தி வச்சிருக்கேன்!"