ஏழாம் நம்பர் தொட்டி

ஏழாம் நம்பர் தொட்டியை முழங்கையால் தட்டிவிட்டது நான்தான்.

பசுமைக்குடிலின் சிமெண்ட் தரையில் மண் சிதறி, உருளைக்கிழங்குச் செடி குப்புறக் கிடந்தது. தண்டு பாதி முறிந்திருந்தது. பார்த்தது தோட்டக்கார அக்கா மட்டும்தான். கையில் தண்ணீர்க் குழாயோடு நின்றிருந்தார்.

"மேடத்துகிட்ட சொல்லிடாதீங்கக்கா" என்று கும்பிட்டுவிட்டு, மண்ணை அள்ளிப் போட்டேன். முறிந்த தண்டுக்கு ஒரு ஐஸ்கிரீம் குச்சியைக் கட்டினேன். ஓடிவிட்டேன்.

மறுநாள் காலை செடி நிமிர்ந்து நின்றது. குச்சிகூட இல்லை. என்னைவிட ரோஷமுள்ள செடி.

இலையிலிருந்து இறங்கும் சர்க்கரை, பிஞ்சுக் கிழங்குக்குள் மாவுச்சத்தாக மாறும்போது எந்த மரபணு எவ்வளவு மும்முரமாக வேலை செய்கிறது என்று அளப்பதுதான் என் ஆராய்ச்சி. இது ஆறாவது வருஷம். "இன்னுமாடா அந்தக் கிழங்கு வேகல?" என்று அம்மா போனில் கேட்கிறாள்.

பன்னிரண்டு தொட்டியிலும் இருந்தவை ஒரே தாய்ச்செடியின் பிள்ளைகள். பிஞ்சுகளைப் பறித்து, உறையவைத்து, அரைத்து, அளந்தேன். பதினொன்றும் ஒரே பதிலைச் சொல்லின.

ஏழில் மட்டும் மாவுச்சத்து மரபணு மூன்று மடங்கு சுறுசுறுப்பு.

திரும்பத் திரும்ப அளந்தேன். அதேதான். விழுந்து எழுந்த செடி பயந்துபோய், இனி கொஞ்சம் சேர்த்து வைத்துக்கொள்ளலாம் என்று முடிவெடுக்குமா? சாப்பிடும்போதும் இதே யோசனை.

வேறு வழியில்லாமல், என் ஆராய்ச்சிக்கு வழிகாட்டியான மேடத்திடம் முழங்கைக் கதையை ஒப்புக்கொண்டேன். திட்டுவார் என்று பார்த்தால், நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார்.

"இது மட்டும் உறுதியாச்சுன்னா உன் தீசிஸ் முடிஞ்சுதுப்பா! போ, இன்னும் பத்துத் தொட்டிய வளர்த்துத் தள்ளிவிடு."

ஆறு வாரம் வளர்த்தேன். அதே மேசை, அதே உயரம், அதே முழங்கை. முதல் நாள் நான்கைத் தள்ளி, நான்குக்கும் குச்சி கட்டினேன்.

மறுநாள் நான்கும் தலை தொங்கிக் கிடந்தன.

"ஏழு மட்டும் எப்படிக்கா பொழச்சுது?"

எத்தனையாவது முறையாகக் கேட்கிறேனோ. "செடிக்கு வாயா இருக்கு, கேட்டுச் சொல்ல?" என்று அக்கா வழக்கம்போலக் குழாயை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

ஐந்தாவது தொட்டியை மேசை ஓரத்துக்கு நகர்த்தினேன். முழங்கையை ஓங்கினேன்.

அக்கா குழாயை மூடினார்.

"போதும் தம்பி, ஒண்ணொண்ணாக் கொல்லாத. ஏழாம் நம்பர் அன்னிக்கு சாயங்காலமே செத்துப்போச்சு. நீ முழிச்ச முழியப் பார்க்கச் சகிக்கல. எங்க வீட்டுத் தோட்டத்துல இருந்து ஒரு உருளைக்கிழங்குச் செடியக் கொண்டாந்து நட்டுட்டேன்."