நாலு பலகை

சட்டைகளில் எழுத்து அச்சடிக்கும் பட்டறையில் பெரிய ஆர்டர்களைத் தானியங்கி இயந்திரம் பார்த்துக்கொண்டது. ஐந்தாறு சட்டை கேட்டு வருபவர்களுக்காக, கையால் அச்சடிக்கும் இயந்திரம் ஒன்று வாங்க லொரெட்டா, டேட்டன் நகரத்துக்குப் போனாள்.

"தனியாத்தானே வேலை பாக்குறீங்க? சட்டை மாட்டுற பலகை ஒண்ணு போதும் மேடம். நாலு பலகை சுத்துற மெஷின்னா சட்டை மாட்ட ஒருத்தர், எதிர்ல நின்னு மை இழுத்து அச்சுப் போட ஒருத்தர் வேணும்," என்றார் கடைக்காரர்.

கணவன் ஆர்லோ இறந்தபின் பட்டறையில் அவள் மட்டும்தான்.

"நாலே குடுங்க."

திங்கட்கிழமை காலை முதல் சட்டையை மாட்டி, பலகையை ஆளில்லாத எதிர்ப்பக்கம் சுழற்றிவிட்டாள். அது சுற்றி வந்தபோது அச்சு விழுந்திருந்தது. மை ஈரமாக இருந்தது. எழுத்துகள் இடப்பக்கம் சரிந்திருந்தன.

"இன்னும் கோணலாத்தான் போடுறியா, ஆர்லோ?"

அடுத்த சட்டையை, பழையபடியே, அந்தச் சரிவுக்கு ஏற்பச் சற்றுச் சாய்த்து மாட்டினாள்.