நகரவிடாத நாற்காலி

கலை விமர்சகர் சபேசன் இறந்து பதினேழு வருடமாகியும் விமர்சிப்பதை நிறுத்தவில்லை. அவர் கட்டுரைகளையெல்லாம் விழுங்கிய ஒரு கருவி, எந்த ஓவியம் கண்காட்சிச் சுவரில் ஏறலாம் என்று அவர் குரலிலேயே தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருந்தது.

சிறப்பு விருந்தினராக வந்த அவர் மனைவி வத்சலா சுற்றிப் பார்த்துத் திகைத்தாள். கடல் நடுவே நாற்காலி. மேகத்தின் மேல் நாற்காலி. யானை முதுகில்கூட நாற்காலி.

"எதுக்கும்மா இத்தனை நாற்காலி?" என்று பக்கத்தில் நின்ற ஓவியர் பொற்கொடியிடம் கேட்டாள்.

"அது இருந்தாத்தான் சார் பாஸ் போடுவார் மேடம். அவர் பாராட்டி எழுதின எல்லாத்துலயும் 'அந்த நாற்காலி என்னை நகரவிடவில்லை'ன்னு ஒரு வரி வருமே! நான் வெறும் மழையை வரைஞ்சேன். தள்ளிட்டார்." அவள் படம் சுவரோரம் தரையில் சாய்ந்திருந்தது.

வத்சலாவுக்குச் சிரிப்பு பீறிட்டது. "ஐயோ, அவருக்கு மூட்டு வலிம்மா! எந்தப் படத்துக்கு எதிர்ல நாற்காலி கிடந்துதோ, அங்கதான் உட்கார்ந்து நிதானமாப் பார்ப்பார்."

அவளுக்கும் இப்போது முழங்கால் விண்ணென்று தெறித்தது. உட்கார ஒன்றுமில்லை, நாற்காலிகளெல்லாம் படங்களுக்குள் போய்விட்டன. வாசல் காவலாளியின் பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்து வந்து, பொற்கொடியின் மழைக்கு முன்னால் போட்டு உட்கார்ந்தாள்.

மேலேயிருந்த கருவியின் கேமரா அவள் பக்கம் திரும்பியது. "அற்புதம்!" என்றது சபேசனின் குரல். "இந்த நாற்காலி என்னை நகரவிடவில்லை. அதை மறைக்கும் அம்மாளை மட்டும் எடுத்துவிடலாம்."

"உயிரோட இருந்தப்பவும் இதே பேச்சுதான்" என்று வத்சலா நன்றாகச் சாய்ந்துகொண்டாள். "இப்ப எடுங்க, பார்க்கலாம்."