பொம்மை வீட்டுக்கு ஒரு தோட்டம்

ரோஜா இலையை நன்றாகக் காயவைத்து மிக்சியில் இரண்டு சுற்று விட்டால் போதும். மூன்றாவது சுற்றில் மாவாகிவிடும். மாவு புல்லாக நிற்காது, கோந்தில் ஊறிச் சேறாகத்தான் கிடக்கும்.

இதையெல்லாம் அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. செய்து, கெடுத்து, தானே கற்றுக்கொண்டாள்.

கட்டிலை ஒட்டிய மேஜையில் பொம்மை வீடு இருந்தது. இரண்டு மாடி, சிவப்புக் கூரை, தீப்பெட்டி அளவில் ஒரு வாசற்கதவு. வீட்டைச் சுற்றிக் கோந்து தடவி, டீ வடிகட்டியில் பச்சைத் தூளைப் போட்டு விரலால் தட்டினாள். புல்தரை இறங்கியது. பழைய ஸ்பான்ஜைப் பிய்த்துச் சாயத்தில் நனைத்து உலர்த்தியதில் வேலிச்செடி ஏற்கெனவே வந்திருந்தது. செம்பருத்தியின் நுனிக்குச்சிகளை நட்டுத் தூளில் புரட்டியதில் கொல்லைப்பக்கம் மரங்கள்.

கட்டிலில் அவள் கணவர் படுத்திருந்தார். பக்கவாதம் கைகாலையும் பேச்சையும் வாரிக்கொண்டு போய், கண்ணை மட்டும் விட்டுவைத்திருந்தது.

எதிர்வீட்டுக்காரி வரும்போதெல்லாம் மேஜையைப் பார்த்து மூக்கில் விரல் வைப்பாள். தோட்டமே உயிர் என்று இருந்த மனுஷருக்குத் தோட்டத்தையே கட்டிலுக்குக் கொண்டுவந்துவிட்டாளே, இப்படி ஒரு மனைவி யாருக்கு வாய்ப்பாள் என்று நாலு வீட்டில் சொல்லியும் வைத்திருந்தாள்.

உயிர்தான். அதில் சந்தேகமில்லை. இத்தனை வருஷத்தில் அவள் ஒரு பூவைக்கூடக் கேட்காமல் பறித்ததில்லை. கேட்டுப் பறித்ததுமில்லை.

மகளுக்கு அந்தப் பக்குவம் இல்லை. ஏழு வயதில், இதே பொம்மை வீட்டுக்குத் தோட்டம் வைக்க ஆசைப்பட்டு, வெள்ளை ரோஜாவின் கொழுந்தையெல்லாம் கிள்ளிக்கொண்டு வந்துவிட்டாள். அவர் அடிக்கவில்லை. கையைப் பிடித்துக் கூட்டிப்போய், மொட்டையாக நின்ற செடியின் முன் முட்டி போடவைத்தார்.

"செடிகிட்ட மன்னிப்புக் கேளு. அது சரின்னு சொன்னதும் எழுந்து வா."

வெயில் இறங்கும்வரை சிறுமி செடியின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சமையலறை ஜன்னலில் நின்ற தாயும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

பொம்மை வீடு பரணுக்குப் போயிற்று. வளர்ந்த பிறகு வேலைக்கென்று வெளியூர் போன மகள் திரும்பி வரவில்லை. அப்பாவுக்கு இப்படி ஆகிவிட்டது என்று போனில் சொன்னபோது, சமையல் ஆகிவிட்டதா என்று கேட்டாள்.

அவர் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த வாரம், அவள் ஏணி போட்டுப் பரணில் ஏறிப் பொம்மை வீட்டை இறக்கினாள்.

முதலில் மனதில் எதுவும் இல்லை. கண்ணால் பதில் சொல்கிற மாதிரி ஏதாவது கேட்டுக்கொண்டே இருங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். எந்தச் செடியில் இலை எடுக்கட்டும் என்று கேட்டாள். ஜன்னலுக்கு வெளியே அவர் கண் ஒவ்வொன்றாகப் போயிற்று. குரோட்டன்ஸ், செம்பருத்தி, எலுமிச்சை. வெள்ளை ரோஜா வந்ததும் ஒரே தாவாகத் தாவி அந்தப் பக்கம் போய்விட்டது.

அவளுக்குப் புரிந்துபோயிற்று.

மறுநாள் ஆளை வரச்சொல்லி வெள்ளை ரோஜாவை வேரோடு எடுத்தாள். அவர் கண்ணோரம் நீர் வடிந்தது. இந்த நோயில் அப்படித்தான் வடியும், பாவம் என்று எதிர்வீட்டுக்காரி துண்டால் துடைத்துவிட்டாள்.

பிறகு அதுவே வழக்கமானது. அவள் கேட்பாள். அவர் கண் எதைத் தாண்டிப் போகிறதோ அது வெட்டுப்படும். அவரும் சளைத்தவரில்லை. ஒருமுறை பிடித்த செடியையே உற்றுப்பார்த்து ஏமாற்றப் பார்த்தார். இமை துடித்ததில் அகப்பட்டுக்கொண்டார். எலுமிச்சை போயிற்று.

வெளியே இன்னும் மூன்றுதான் பாக்கி.

இன்று பொம்மை வீட்டின் வாசலுக்கு ஒரு மரம் வேண்டியிருந்தது. வடிகட்டியை வைத்துவிட்டு, கட்டிலுக்கும் ஜன்னலுக்கும் நடுவில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"ஏங்க, அடுத்தது எதை வெட்டலாம்?"

அவர் கண் ஜன்னல் பக்கமே போகவில்லை. அவளைப் பார்த்தது.

அவள் காத்திருந்தாள். அது நகரவில்லை.

கல்யாணமான நாளிலிருந்து அவர் அவளை இவ்வளவு நேரம் பார்த்ததில்லை. சாப்பாடு போட்டால் தட்டைப் பார்ப்பார். பேசினால் அவள் தோளுக்கு மேலே எதையாவது பார்ப்பார். பெண்பார்க்க வந்த அன்றுகூட, வாசலில் என்ன செடி என்றுதான் விசாரித்தாராம்.

அவளுக்குக் கூச்சமாகிவிட்டது. விரலில் கோந்து இருப்பதை மறந்து காதோர முடியை ஒதுக்கிக்கொண்டாள். எல்லாம் போன பிறகாவது கண்ணில் பட்டோமே என்று நினைத்தாள். மிச்சம் இருப்பதை விட்டுவிடலாம் என்றுகூடத் தோன்றியது. தண்ணீர் விட்டால் பிழைத்துக்கொள்ளும்.

அவர் கன்னத்தில் வழிந்த நீரைத் துடைத்துவிட எழுந்தாள். அவர் பார்வையும் கூடவே எழுந்தது. சட்டென்று, பதறிக்கொண்டு, அவள் முகத்தை விட்டுவிட்டால் வேறெங்கோ விழுந்துவிடும் என்பதுபோல.

அவள் நின்றாள். வலது பக்கம் ஓரடி வைத்தாள். கண் கூடவே வந்தது. இடது பக்கம் ஓரடி வைத்தாள். வந்தது. இன்னும் ஓரடி வைத்ததும், இறுக மூடிக்கொண்டது.

திரும்பிப் பார்த்தாள். அவளுக்கு நேர் பின்னால், ஜன்னல் கம்பிகளுக்கு நடுவில், மாதுளை முதல் பூவை விட்டிருந்தது.

வெட்டுகிற ஆளுக்குப் போன் போட்டாள். சின்ன மரம்தான், ரம்பமெல்லாம் வேண்டாம், அரிவாளே போதும் என்றாள்.