வராத வெயில்

மலைக்குப் பின்னால் இரண்டு மாதம் மறைந்திருந்த சூரியன் ஜனவரிக் கடைசியில் ஒரு நாள் திரும்பியது. ஐஸ்லாந்தின் அந்தக் கடலோர ஊரில், அந்த நாளைக் கொண்டாட, தங்கள் ஜன்னலில் வெயில் விழுந்த பிறகுதான் அப்பம் சுட்டுக் காப்பி போடுவார்கள். கணவனைக் கடல் கொண்டுபோனதிலிருந்து ஸ்வாலா இந்த வெயிலுக்காகத்தான் உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

இரண்டு பக்கத்து வீடுகளிலும் வெயில் விழுந்தது. நடுவிலிருந்த அவள் வீட்டில் விழவில்லை.

"இன்னுமா அடுப்பு பத்த வைக்கல, சோம்பேறி?" வேலிக்கு அப்பாலிருந்து டாக்னி கூவினாள்.

"என் வீட்டுக்கு இன்னும் வரலடி."

"வராம எங்க போகும்? இப்ப வந்துடும்!"

டாக்னி சிரித்துக்கொண்டே அப்பத்தட்டோடு வந்தாள். வாசலைத் தாண்டியதும் அவள் தலைமுடியிலிருந்த வெயில் அணைந்தது. அண்ணாந்து பார்த்தாள். மேகமே இல்லை. தட்டைப் படியில் வைத்துவிட்டுத் திரும்பிப் போனாள்.

மார்ச்சிலும் வரவில்லை. ஏப்ரலில், ஸ்வாலா வாடகைக்கு விடும் மாடி அறையைக் கேட்டு வெளியூரிலிருந்து ஒருவர் போனில் பேசினார்.

"எப்ப வந்தா நல்லாருக்கும்?"

"ஜூன்ல வாங்க. ராத்திரிகூட வெளிச்சமா இருக்கும்."

ஜூனில், ஒரு நடுப்பகலில், அவரும் மனைவியும் வந்தார்கள். வாசலுக்குள் நுழைந்ததும் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு டார்ச்சைப் போட்டார்கள்.

ஸ்வாலா கதவைத் திறந்தாள்.

"பாத்து வாங்க, படி இருக்கு."