கையில ஏறாத வாட்ச்

பெட்டிக்குள்ள கெடந்த புது ஸ்மார்ட் வாட்ச், பக்கத்துல இருந்த சார்ஜர்கிட்ட பொலம்புச்சு.

"நாலு நாளாச்சுண்ணே. கூடுதல் வாரண்டி எடுக்கலாமா வேணாமான்னு சம்பந்தம் சார் இன்னும் யோசிக்கிறாரு. அதுவரைக்கும் என்னைக் கையில கட்ட மாட்டாராம்."

"பொறுடா. எடுத்துட்டா தைரியமா கட்டுவாரு."

அஞ்சாம் நாள் ரெண்டு வருஷத்துக்கு எடுத்துட்டாரு. பெட்டியத் தொறந்ததும் வாட்சுக்குத் தலகால் புரியல.

சார் மூக்குக் கண்ணாடியப் போட்டுக்கிட்டு வாரண்டி சீட்ட வாசிச்சாரு.

"கீறல் விழுந்தா செல்லாது. தண்ணி பட்டா செல்லாது. கீழ விழுந்தா செல்லாது."

வாட்ச திரும்பவும் பெட்டியில வச்சு, பெட்டிய பீரோவுல வச்சுப் பூட்டிட்டாரு.

"அட, எப்பதாண்ணே கட்டுவாரு?"ன்னு வாட்ச் கத்துச்சு.

"வாரண்டி முடியட்டும்டா. அதுக்கப்புறம் செல்லாமப் போறதுக்கு என்ன இருக்கு?"