பூஜ்யத்தில் நின்ற ஊசி

ஒன்பதாவது நாளாகச் சம்பந்தி அவரை அவமானப்படுத்தினார்.

காலை ஏழு மணிக்கு ஹாம் ரேடியோ சங்கத்தார் வழக்கம்போல அவரவர் வீட்டிலிருந்தே ரேடியோவில் ஒருவரையொருவர் குசலம் விசாரித்துக்கொண்டிருந்தார்கள். ஓய்வுபெற்ற சர்வேயர் தன் அழைப்புக்குறியை மூன்று முறை நிதானமாகச் சொன்னார். அப்படி ஒரு மனிதர் உலகத்திலேயே இல்லை என்பதுபோல அவர்கள் மேலே பேசிக்கொண்டு போனார்கள். பேச்சை நடத்துகிறவர் சங்கச் செயலாளரான பல் டாக்டர். சர்வேயரின் மகளுக்கு மாமனாராக வரப்போகிறவர்.

சர்வேயரின் முதுகு வளையாது. சங்கத்தில் அவருக்கு 'ஸ்கேல்' என்றே பெயர். பேச ஒரு பெட்டி, கேட்க வேறு பெட்டி, இரண்டுக்கும் தனித்தனி ஏரியல் என்பது அவர் அப்பா வைத்துவிட்டுப்போன முறை. அதை அவர் மாற்றவில்லை.

பூனை ஜன்னலோர வெயிலை விட்டுவிட்டு, மேஜைக்கடியில் இருந்த எண்ணெய் டப்பாவின்மேல் ஏறிச் சுருண்டது.

"நம்ம மெஷின்ல ஏதாவது கோளாறா இருக்கப் போகுதுப்பா" என்றாள் மகள்.

"என் மெஷின்லயா?" மைக்கை அழுத்திப் பவர் மீட்டரைக் காட்டினார். "ஏரியலுக்குப் போறது நூறு வாட். அது ஏத்துக்காம திரும்பி வர்றது பூஜ்யம். பத்து நாள் முன்னாடி நான் சோதிச்சு வச்சதிலேருந்து ஊசி எழும்பவே இல்லை."

"அப்ப போன் பண்ணிக் கேளுங்களேன்."

"அவரே நாலு தடவை பண்ணினார். நான் எடுக்கலை. ஊரே கேக்க அவமானப்படுத்திட்டு, போன்ல தனியா சமாதானமா?"

"அவர் மகன் கப்பல்லேருந்து வர்ற வரைக்குமாவது பொறுங்கப்பா."

பொறுக்கவில்லை. மைக்கை எடுத்து, பல் டாக்டரின் பரம்பரையைப் பற்றித் தெரிந்ததையும் தெரியாததையும் சொல்லி, கல்யாணம் நின்றுவிட்டதாக அறிவித்தார். முடிவில் வணக்கம் சொல்ல மறக்கவில்லை. பிறகு அதையே கடிதமாகவும் எழுதி உறையிலிட்டு ஒட்டினார்.

அரை மணி நேரத்தில் பல் டாக்டரே வாசலில் வந்து நின்றார்.

"உடம்பு எப்படி இருக்கு, சம்பந்தி?"

இந்தக் கேலிக்குப் பதில் சொல்வது குடும்பத்துக்கு அழகல்ல. சர்வேயர் கடிதத்தை நீட்டினார். டாக்டர் அதைப் பிரிக்காமல் கையில் வைத்துக்கொண்டு மேஜையைப் பார்த்தார்.

"ரேடியோ ஏதாவது ரிப்பேரா?"

மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சர்வேயர் மறுபடி மைக்கை அழுத்தினார். "நல்லா பாருங்க. திரும்பி வர்றது பூஜ்யம்."

"பூஜ்யமா? எந்த ஏரியலும் கொஞ்சமாவது திருப்பி அனுப்புமே."

"உங்க வீட்டு ஏரியல் அனுப்பும்."

டாக்டர் மீட்டருக்குப் பின்னால் இருந்த கேபிளை விரலால் தொட்டுக்கொண்டே போனார். அது ஏரியல் இருந்த ஜன்னல் பக்கம் போகவில்லை, மேஜைக்கடியில் இறங்கியது. சோதனை நேரத்தில் பேச்சு வெளியே போகாமல், அத்தனை சக்தியையும் சூடாக்கி விழுங்குவதற்கென்று சர்வேயரே செய்த எண்ணெய் டப்பாவில் போய் முடிந்தது.

டாக்டர் பூனையை நகர்த்திவிட்டு டப்பாவைத் தொட்டுப் பார்த்தார். பிறகு எழுந்து, பிரிக்காத கடிதத்தைத் திருப்பிக் கொடுத்தார்.

"ஒன்பது நாளா பூனைதான் குளிர் காய்ஞ்சிருக்கு, சம்பந்தி."